குவார்க் பாங்குகளை ஒடுக்குவது எது: இன்ஸ்டன்டான்களா, பாலியாக்கோவ் தீவுகளா?

ஏறத்தாழ 155 மெகா எலக்ட்ரான் வோல்ட் வெப்பநிலைக்குக் கீழே வெளியெங்கும் பரவிக் கிடக்கும் டிராக் செயலியின் (குவார்க்கின் இயக்கத்தை விவரிக்கும் கணிதச் செயலி) தாழ்நிலைப் பாங்குகள், அதாவது அதன் மிகச் சிறிய ஐகென்மதிப்புகளுக்குரிய அலைவடிவங்கள், புரோட்டான்களும் நியூட்ரான்களும் உருகிக் குவார்க்-குளுவான் பிளாஸ்மா உருவானபின் சிறுசிறு இடங்களில் ஒடுங்கிவிடுகின்றன. ஒழுங்கற்ற திண்மத்தில் எலக்ட்ரான் இவ்வாறு சிறைப்படும் என்று ஆண்டர்சன் 1958-இலேயே காட்டினார். இந்த உறவு வெறும் உவமை அன்று. ஒடுங்கிய பாங்குகளையும் பரவியவற்றையும் பிரிக்கும் நகர்வெல்லையில், அணிக்கோவைக் கணிப்பு (வெளியையும் காலத்தையும் புள்ளிவலையாக்கிச் செய்யும் கணினிக் கணக்கு) தரும் மாறுநிலை அடுக்கு, அதாவது அந்த மாற்றத்தின் இயல்பைக் குறிக்கும் எண், ஏறத்தாழ 1.43; முப்பரிமாண ஆண்டர்சன் மாதிரியின் சமச்சீர் வகைகளுள் ஒன்றான யூனிட்டரி வகுப்புக்கும் அதுவே மதிப்பு. அப்படியானால் ஒழுங்கின்மையை ஊட்டுவது எது என்பதே கேள்வி.

முதல் விடை இன்ஸ்டன்டான்கள், அதாவது குளுவான் புலத்தில் வெளியிலும் காலத்திலும் சிறிதாகத் திரண்ட முடிச்சுகள். ஒவ்வொன்றும் தன்னிடம் ஒரு சுழியப் பாங்கை (ஐகென்மதிப்பு சுழியமான பாங்கை) பிடித்து வைத்திருக்கிறது. அவை நெருங்கியிருந்தால் பாங்குகள் கலந்து பரவும், விலகினால் தனித்து ஒடுங்கும். கார்சியா-கார்சியாவும் ஆஸ்போர்னும் 2006-இல் இன்ஸ்டன்டான் திரவ மாதிரியில் ஆராய்ந்த இந்தப் படம் அழகானதுதான். ஆனால் வெப்பநிலை ஏற ஏற இன்ஸ்டன்டான்களின் அடர்த்தி விரைவாகச் சரிய, நகர்வெல்லையோ மேலே ஏறுகிறது. இங்கேதான் அந்த விளக்கம் தடுமாறுகிறது.

இரண்டாவது விடை பாலியாக்கோவ் கண்ணி. வெப்பநிலைக் கணிப்பில் காலம் ஒரு வட்டமாகக் கருதப்படும்; அதை ஒருமுறை சுற்றும் குவார்க்கின் மீது குளுவான் புலம் ஏற்படுத்தும் மாற்றத்தின் அளவே இந்தக் கண்ணி. குவார்க் காலத்திசை வட்டத்தை ஒருமுறை சுற்றினால் அதன் அலைக்குறி மாறுவதால், கண்ணியின் மதிப்பு 1 ஆக ஒழுங்குற்ற கடலில் மிகக் குறைந்த அதிர்வெண் பை மடங்கு வெப்பநிலையாகிறது. குவார்க்குகளுக்கு மூன்றுக்குப் பதிலாக இரண்டே ‘நிறங்கள்’ (ஒருவகை மின்னூட்டம் போன்ற பண்பு) கொண்ட எளிய இரு நிறக் கோட்பாட்டை எடுத்துக்கொள்வோம்: கண்ணி ஓரிடத்தில் -1 ஆகச் சாய்ந்தால் அந்தக் குறிமாற்றம் அங்கே ஈடுசெய்யப்பட்டு, அதிர்வெண் சுழியம் வரை இறங்கலாம். கடல் நடுவே அத்தகைய தீவு ஓர் ஆற்றல் குழி. தாழ்ந்த பாங்கு அதற்குள் தங்கிவிடுகிறது. ஒடுங்கிய பாங்குகள் இத்தகைய இடங்களையே நாடுவதை புருக்மன், கோவாச், ஷீரன்பெர்க் ஆகியோர் 2011-இல் அணிக்கோவையில் கண்டனர்.

என்னைப் பொறுத்தவரை இரண்டாவதே வலுவானது, ஏனெனில் இன்ஸ்டன்டான்களுக்கே இடமில்லாத 2+1 பரிமாண (இரண்டு வெளி, ஒரு காலம்) இசட்-இரண்டு அளவைக் கோட்பாட்டிலும் (புலம் +1, -1 என்ற இரு மதிப்புகளை மட்டுமே ஏற்கும் எளிய மாதிரி), கண்ணி ஒழுங்குற்ற நிலையில், பாங்குகள் ஒடுங்குகின்றன. ஆயினும் முதல் விடையை முற்றாகத் தள்ளிவிட முடியாது: உயர் வெப்பநிலையில் ஐகென்மதிப்பு நிறமாலையின் சுழியத்தருகே எழும் கூர்முகட்டை விளக்க, அரிதாக எஞ்சிய இன்ஸ்டன்டான்களையே இன்னமும் நாட வேண்டியிருக்கிறது.