நாலு அட்டைக்கும் ஒரே ‘ஆபத்து’: சொல்லட்டைப் பெட்டியோடு இரண்டரை வருடம்

புத்தகக் காட்சியில் இந்தப் பெட்டியைப் பாதி விலைக்குப் போட்டிருக்கிறார்கள், வாங்கலாமா என்று ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு எழுதப்போகும் பிள்ளைகள் கேட்கிறார்கள். உலகச் சுற்றுச்சூழல், சமூகப் பிரச்சினைகளைப் பற்றி ஆங்கிலத்தில் பேசவும் எழுதவும் தேவைப்படும் சொற்கள், தமிழ் அர்த்தத்தோடு அட்டை அட்டையாக. எந்தப் பெட்டி என்று கேட்பவர்களுக்குத் தெரியும், அதனால் பெயர் போடவில்லை. எத்தனை அட்டை, என்ன நிறம் என்பதெல்லாம் பெட்டியின் மேலேயே இருக்கிறது. மாலைப் பயிற்சிக் குழுவில் இரண்டரை வருடம் புரட்டியதில் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் கோபம். பெட்டிக்குள் அட்டைகள் நிறம் நிறமாகக் கட்டுக் கட்டாக இருக்கும். பச்சைக் கட்டில் ‘ஹசார்ட்’ அட்டையைத் திருப்பினால் ‘ஆபத்து’ என்று இருக்கிறது. ‘ரிஸ்க்’ அட்டையிலும் ‘ஆபத்து’. ‘டேஞ்சர்’ என்றால் ஆபத்து, அதில் தகராறு இல்லை. ‘வல்னரபிலிட்டி’ அட்டையில் ‘ஆபத்தான நிலை’. நாலு அட்டை, நாலு ஆங்கிலச் சொல், ஒரே தமிழ்ச் சொல். இதை மனப்பாடம் செய்கிற பிள்ளை தேர்வில் இந்த நாலையும் மாற்றி மாற்றிப் போடுவான். ஒரே சொல்லைத் திரும்ப எழுதாமல் வேறு சொல் போட்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு போடுவான். இந்தத் துறையில் இந்த நாலும் ஒன்றுக்கொன்று மாற்றே கிடையாது.

காலநிலை மாற்றத்தை ஆராயும் ஐநா குழுவான ஐபிசிசியின் அறிக்கைகளில் ‘ரிஸ்க்’ என்பது மூன்று சேர்ந்து வருவது: ஹசார்ட், எக்ஸ்போஷர், வல்னரபிலிட்டி. சென்னையில் இருப்பவருக்கு இதைப் புரியவைக்க 2015 டிசம்பர் போதும். அன்று கொட்டிய மழையும் அடையாற்றில் வந்த வெள்ளமும் ஹசார்ட். அந்தத் தண்ணீர் போகும் வழியில், முடிச்சூரிலோ ஜாபர்கான்பேட்டையிலோ வீடு இருப்பது எக்ஸ்போஷர். ஒரே தெருவில் இரண்டு தரைத்தள வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்காரர் முந்தின நாளே வண்டியை எடுத்துக்கொண்டு உறவினர் வீட்டுக்குப் போய்விடுகிறார், கையில் காசும் இருக்கிறது. அடுத்த வீட்டில் எழுந்து நடக்க முடியாத பாட்டியும் தினக்கூலிக்குப் போகும் மகளும். மழையும் ஒன்று, தெருவும் ஒன்று. வல்னரபிலிட்டி மட்டும் வேறு, அதனால்தான் ரிஸ்க்கும் வேறாகிறது. இப்படிச் சொல்லிவிட்டால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட ஐந்து நிமிடத்தில் விளங்கும். அட்டை அச்சடித்தவர்கள் ஐந்து நிமிடம் செலவழிக்கவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

அர்த்தம் மங்கினால் அதோடு சேர்ந்து வரும் சொல்லும் தப்பாகத்தான் வரும். ‘பூர் பீப்பிள் ஆர் இன் ரிஸ்க்’ என்று எழுதுவார்கள். ‘இன் டேஞ்சர்’ உண்டு, ‘இன் ரிஸ்க்’ கிடையாது. ‘அட் ரிஸ்க்’ என்றுதான் வரவேண்டும். வல்னரபிள் என்றால் பின்னால் ‘டு’ வரும்: ‘வல்னரபிள் டு ஃப்ளடிங்’. எக்ஸ்போஸ்ட் என்றாலும் ‘டு’தான். ஹசார்டோடு சேரும் வினை ‘போஸ்’. ரிஸ்க்கோடு ‘ரெட்யூஸ்’. ஐயெல்ட்ஸ் கட்டுரையில் சொல்வளத்துக்குக் கால்பங்கு மதிப்பெண். ஏழாம் பேண்டுக்கு, அதாவது ஏழாம் மதிப்பெண் நிலைக்கு, தேர்வாளர்கள் எதிர்பார்ப்பது அரிதான சொல் மட்டும் இல்லை, எந்தச் சொல்லோடு எது சேரும் என்ற உணர்வும்தான். நாற்பது நிமிடத்தில் 250 சொல் எழுத வேண்டிய இடத்தில் இந்த நாலும் குழம்பினால் ஒரு பத்தி முழுவதும் ஆட்டம் காணும்.

பெட்டி ஏற்கெனவே கையில் இருப்பவர்கள் இந்த அட்டைகளைத் திருத்திக்கொள்ளலாம். அட்டை வழவழப்பானது, ஜெல் பேனா வழிந்துவிடும். சாதாரண பால்பாயின்ட் ஒட்டாது. விலை எழுத ஒட்டுவார்களே, அந்த வெள்ளை ஸ்டிக்கரை ஒட்டி அதன்மேல் எழுதுங்கள். ஹசார்ட்: தீங்கு செய்யக்கூடிய நிகழ்வு, புயல், வெப்ப அலை, எண்ணெய்க் கசிவு. வல்னரபிலிட்டி: அடி விழுந்தால் தாங்க முடியாத நிலை. ரிஸ்க்: நடந்தால் எவ்வளவு இழப்பு, நடக்க எவ்வளவு வாய்ப்பு. எக்ஸ்போஷருக்குப் பெட்டியில் அட்டையே இல்லை. ஒரு வெற்று அட்டையில் ‘அதன் வழியில் யார், எது இருக்கிறது’ என்று எழுதிச் சேர்த்துவிடுங்கள். நாலையும் ஒரு ரப்பர் பேண்டு போட்டுச் சேர்த்தே படிக்க வேண்டும், தனித்தனியாகப் படித்தால் பிரயோஜனம் இல்லை. ‘நேச்சுரல் டிசாஸ்டர்’ அட்டையில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள். மழை இயற்கை, அது பேரிடராக மாறுவதில் ஏரியை மறித்துக் கட்டிய கட்டடத்துக்கும் பங்கு உண்டு. அதனால் இந்தத் துறையில் வேலை செய்யும் பலர் ‘நேச்சுரல்’ என்ற அடைமொழியைத் தவிர்க்கிறார்கள்.

‘வளர்ச்சி’யிலும் இதே கோளாறு. க்ரோத்துக்கும் வளர்ச்சி, டெவலப்மென்ட்டுக்கும் வளர்ச்சி. ‘சஸ்டெய்னபிள்’ என்றால் ‘நிலையான’ என்று போட்டிருப்பதால் பிள்ளைகள் அதை ‘ஸ்டெடி’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். வருங்காலத் தலைமுறையின் தேவைக்குக் கேடு வராமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவது என்று 1987ல் ஐநாவின் ப்ரண்ட்லண்ட் ஆணையம் சொன்ன அர்த்தம் ‘நிலையான’வில் எங்கே இருக்கிறது? ஐநா 2015ல் ஏற்றுக்கொண்ட 17 வளர்ச்சி இலக்குகளில் எட்டாவதைப் பாருங்கள்: ‘சஸ்டெய்ன்ட், இன்க்ளூசிவ் அண்ட் சஸ்டெய்னபிள் எகனாமிக் க்ரோத்’. ஒரே வரியில் சஸ்டெய்ன்டும் வருகிறது, சஸ்டெய்னபிளும் வருகிறது. முன்னது தடைபடாமல் தொடர்வது. பின்னது நாளைக்கு வேண்டியதை இன்றே தின்றுவிடாமல் நடப்பது. இரண்டுக்கும் ‘நிலையான’ என்று போட்டால் அந்த வரியைத் தமிழில் படிக்கவே முடியாது.

இனி நியாயமாகப் பேச வேண்டியது. ஆரஞ்சுக் கட்டு அருமை. இந்த விஷயத்தில் வினைச்சொற்களுக்கென்று தனிக் கட்டு போட்ட வேறு பெட்டி என் கண்ணில் பட்டதில்லை. சுருக்கமாகவும் சரியாகவும் இருக்கிறது. ‘விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்’ என்பதை நம் ஊரில் எல்லோரும் ‘க்ரியேட் அவேர்னஸ்’ என்பார்கள். அட்டையில் ‘ரெய்ஸ் அவேர்னஸ்’ இருக்கிறது. ‘பற்றி’யை அப்படியே கொண்டுபோய் ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று சொல்லும் பழக்கத்துக்கு, ‘அபவுட்’டின் மேல் சிவப்புக் கோடு போட்ட அட்டை. ‘பொல்யூஷன்ஸ்’ கிடையாது, எண்ண வேண்டுமானால் ‘பொல்யூட்டன்ட்ஸ்’ என்று ஒன்று. ‘பேன் ஆன்’, ‘ஆக்சஸ் டு’, ‘இம்பாக்ட் ஆன்’ என்று சேர்ந்து வரும் உருபை வேறு நிறத்தில் அச்சடித்திருக்கிறார்கள். இதை ஒரு மாதம் ஒழுங்காகப் புரட்டியவர்களின் கட்டுரையைத் திருத்தும்போது சிவப்பு மை குறைவதைக் கண்ணால் பார்க்கலாம்.

அந்தக் கட்டில் எனக்கு மிகவும் பிடித்தவை ‘ஃபேஸ் அவுட்’, ‘ஃபேஸ் டவுன்’ என்ற இரண்டு அட்டைகள். ஒன்று, படிப்படியாகக் குறைத்து இல்லாமல் ஆக்குவது. மற்றது, படிப்படியாகக் குறைப்பது, அவ்வளவுதான். 2021ல் ஐநாவின் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டின் கடைசி மணி நேரத்தில் நிலக்கரி பற்றிய வரியில் ‘ஃபேஸ் அவுட்’ போய் ‘ஃபேஸ் டவுன்’ வந்தது இந்தியா கேட்டுக்கொண்டதால். ஒரு சின்னச் சொல்லுக்காக நாடுகள் மல்லுக்கு நின்றன. எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பலைக் கொட்டும் குளத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லின் எடை தெரியும். அட்டையில் இரண்டு சொல்லுக்கும் ஒரு கோட்டுப்படம்: ஒன்றில் கோடு பூஜ்ஜியத்தைத் தொடுகிறது, மற்றதில் பாதியிலேயே நிற்கிறது. விளக்கம் எதுவும் வேண்டியதில்லை.

நீர்நிலை அட்டைகளும் அப்படித்தான். ‘மார்ஷ்’ என்றால் புல்லும் கோரையும் வளர்ந்த சதுப்பு, ‘ஸ்வாம்ப்’ என்றால் மரங்கள் நிற்கும் சதுப்பு என்று பிரித்திருக்கிறார்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022ல் சேர்ந்த பள்ளிக்கரணை மார்ஷ். பிச்சாவரத்து அலையாத்திக் காடு ஸ்வாம்ப் வகையில் வரும். சதுப்பில் இவ்வளவு கவனம் வைத்தவர்கள் ‘ஆபத்’தில் ஏன் கோட்டை விட்டார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

உச்சரிப்புக்குப் பெட்டியை நம்பாதீர்கள். உள்ளே கொடுத்த கியூஆர் கோடு ஒரு வருடத்துக்குள் வேலை செய்யாமல் போனது. அட்டையில் தமிழ் எழுத்தில் போட்டிருக்கும் உச்சரிப்பிலும் கோளாறு. ‘க்ளைமேட்’ என்று இருக்கிறது. ‘மேட்’ என்று இழுக்கக்கூடாது, ‘க்ளைமட்’ என்று முடியவேண்டும். வறட்சிக்கான சொல் ‘ட்ரவுட்’, ‘அவுட்’டோடு எதுகை. ‘ட்ராட்’ என்று சொன்னால் யாருக்கும் புரியாது. குப்பை என்ற பெயர்ச்சொல்லான ‘ரெஃப்யூஸ்’ஸில் அழுத்தம் முதல் அசையில், மறுப்பது என்ற ‘ரிஃப்யூஸ்’ஸில் இரண்டாவது அசையில். எல்லாவற்றுக்கும் மேல், பற்றாக்குறைக்கான சொல்லையும் ஏரிக்கான சொல்லையும் தமிழில் ‘லேக்’ என்றே எழுதியிருக்கிறார்கள். முன்னதில் வாயை அகலத் திறந்து குறுக்க வேண்டும், பின்னதில் இழுக்க வேண்டும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டதைப் பற்றிப் பேச வரும் பிள்ளைக்கு இரண்டு சொல்லுமே வேண்டும். ஏதாவது ஒரு நல்ல அகராதியின் ஆப்பில் ஒலியைக் கேட்டு, தன் குரலைப் போனில் பதிவு செய்து ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வழி.

ஊதாக் கட்டு சமூகப் பிரச்சினைகளுக்கு. இதில் ஒரு கனமான பிழை: இருப்பிடத்தை விட்டுப் போக நேர்ந்தவர் என்ற ‘டிஸ்ப்ளேஸ்ட் பெர்சன்’ என்பதற்கும் அகதி, ‘ரெஃப்யூஜி’க்கும் அகதி. ரெஃப்யூஜி என்பவர் எல்லை தாண்டியவர். 1951ஆம் ஆண்டு உடன்படிக்கை இன, மத, தேசிய, சமூகக் குழு, அரசியல் கருத்துக் காரணங்களால் துன்புறுத்தலுக்கு அஞ்சி வந்தவரைத்தான் அப்படிச் சொல்கிறது. கடல் ஏறி வீடு போனவர் அதில் வரமாட்டார். ஆகவே ‘க்ளைமட் ரெஃப்யூஜி’ என்று பத்திரிகையில் படித்தாலும், கட்டுரையில் ‘பீப்பிள் டிஸ்ப்ளேஸ்ட் பை க்ளைமட் சேஞ்ச்’ என்று எழுதுவதுதான் பத்திரம்.

கூவக் கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போன குடும்பங்களுக்கு என்ன சொல் போடுவது? அரசுக் காகிதத்தில் ‘ரீசெட்டில்மென்ட்’, மறுகுடியமர்வு. போராடுபவர்களின் வாயில் வெளியேற்றம் என்ற ‘எவிக்‌ஷன்’. இரண்டும் பெட்டியில் இருக்கின்றன, இரண்டுக்கும் அர்த்தம் சரி. எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அந்தப் பக்கம் நிற்கிறோம் என்று ஒரு வரி அட்டையில் சேர்த்திருக்கலாம். பக்கம் சாயாமல் எழுத வேண்டுமென்றால் இடமாற்றம் என்ற ‘ரீலொகேஷன்’ பரவாயில்லை.

‘மிட்டிகேஷன்’, ‘அடாப்டேஷன்’ இரண்டுக்கும் அட்டை அர்த்தம் தணிப்பு, தகவமைப்பு. இது சரிதான், ஆனால் பாதி. காலநிலைப் பேச்சில் மிட்டிகேஷன் என்றால் கரியமில வாயு போன்றவை வெளியேறுவதைக் குறைப்பது, மொட்டைமாடியில் சோலார் போடுவது மாதிரி. மழைநீர் வடிகால் போடுவது அடாப்டேஷன். பேரிடர் மேலாண்மைக்காரரிடம் போனால் அதே வடிகாலை மிட்டிகேஷன் என்பார், ஏனென்றால் அவர் குறைப்பது பேரிடரின் பாதிப்பை. கேள்வி எந்தத் துறையிலிருந்து வருகிறது என்று பார்த்துச் சொல்லைப் போடுங்கள்.

புரட்டும் முறை: ஐந்து அறை, ஒரு செருப்பு டப்பாவில் தடுப்பு வைத்தால் போதும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்கு, தவறினது முதல் அறைக்கு. முதல் அறையைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை, நாலாவதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாவதை மாதம் ஒருமுறை. ஒரு நாளைக்குப் புதிதாகப் பத்து அட்டைக்கு மேல் வேண்டாம். பெட்டியோடு வரும் கையேடு இருபத்தைந்து என்கிறது. அப்படிப் போனால் இரண்டாவது வாரத்தில் முதல் அறை நிரம்பி வழியும், விட்டுவிடுவார்கள். ‘சரி’ என்று எண்ண வேண்டுமானால் தமிழ் அர்த்தம் சொன்னால் போதாது, அந்தச் சொல்லை வைத்துச் சென்னையைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரக்காற்றில் அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி மூலை உரிகிறது. பெட்டிக்குள் இரண்டு சிலிக்கா பொட்டலம் போட்டு வையுங்கள்.

ஆரஞ்சுக் கட்டுக்காகவே வாங்கச் சொல்லலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். நேற்று நந்தனம் புத்தகக் காட்சியில், பாதி விலைக்குப் போட்டிருக்கும் புதுப் பதிப்பைப் பிரித்துப் பார்த்தேன். கியூஆர் கோடு மாறியிருக்கிறது, பெட்டி அழகாகியிருக்கிறது. பச்சைக் கட்டில் ஹசார்ட், ரிஸ்க் இரண்டிலும் அதே ‘ஆபத்து’. வல்னரபிலிட்டியில் இப்போது எழுத்துப்பிழையோடு ‘அபத்தான நிலை’. வாங்காதீர்கள், பாதி விலைக்கும் வேண்டாம். பழைய பெட்டி வைத்திருக்கும் அண்ணன், அக்கா யாரிடமாவது ஆரஞ்சுக் கட்டை மட்டும் கேட்டு வாங்கி நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஏ4 தாளில் எட்டு அட்டை அடங்கும், 200 ஜிஎஸ்எம் தாளில் எடுத்தால் ஒரு வருடம் தாங்கும்.