டூர் முடிந்த பிறகு ரயிலில் ஒரு நாள்: ஆக்ஸ்ஃபோர்டா, கேம்பிரிட்ஜா, யார்க்கா?

எட்டு நாள் குழுச் சுற்றுலா லண்டனில் முடிந்தது. ஸ்டோன்ஹெஞ்ச், பாத், ஸ்ட்ராட்ஃபோர்டு, யார்க் எல்லாம் பார்த்தாயிற்று. எங்கே போனாலும் இரண்டு மணி நேரம்தான். "நாலு மணிக்கு எல்லாரும் பஸ்ஸில் இருக்கணும்" என்ற குரல் கனவிலும் கேட்டது. நானும் அம்மாவும் ஊர் திரும்பும் விமானத்தை மூன்று நாள் தள்ளிப் போட்டிருந்தோம். லண்டனில் ஒரே அறை. காலையில் ரயிலேறி இரவு திரும்புவது என்று திட்டம். எங்கே போவது என்பதில்தான் இழுபறி.

என் முதல் ஆசை யார்க். டூரில் அவசரமாகப் பார்த்த ஊர், நிதானமாகத் திரும்பப் பார்க்கலாம் என்று தோன்றியது. நிலையத்தை ஒட்டியே தேசிய ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது, அனுமதி இலவசம். 1938ல் மணிக்கு 126 மைல் வேகத்தில் ஓடி நீராவி எஞ்சின்களில் உலக சாதனை படைத்த மல்லார்ட் அங்கேதான் நிற்கிறது. லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து சுமார் இரண்டு மணி நேரப் பயணம். அதுகூடப் பரவாயில்லை, சிக்கல் டிக்கெட்டில் இருந்தது.

இங்கிலாந்தில் ரயில் டிக்கெட்டை மூன்று வகையாகப் புரிந்துகொண்டால் போதும். 'எனி டைம்' என்பது எந்த நேரத்துக்கும் செல்லும், விலை அதிகம். 'ஆஃப் பீக்' என்பது நெரிசல் நேரம் தவிர எந்த ரயிலிலும் ஏறலாம். 'அட்வான்ஸ்' என்பது முன்கூட்டியே வாங்குவது. மலிவு, ஆனால் குறித்த ரயிலுக்கு மட்டும்தான். நாமாகத் தவறவிட்டால் வேறு டிக்கெட் வாங்க வேண்டியதுதான். யார்க் போன்ற தொலைவான ஊருக்குக் கையைக் கடிக்காமல் போய்வர அட்வான்ஸ்தான் வழி. அதாவது திரும்பும் ரயிலையும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். அதை யோசித்தபோதுதான் உறைத்தது: இதுவும் நாலு மணி பஸ்தானே! டூரிலிருந்து விடுபட்டு வந்து, அதே கடிகாரத்தை நாமே கையில் கட்டிக்கொள்வதா? பாத் நகருக்கும் இதையேதான் சொல்வேன். ஆனால் அங்கே நான் பஸ்ஸில் மட்டும்தான் போயிருக்கிறேன், ரயிலில் இல்லை.

அதனால் ஊர் எவ்வளவு அழகு என்பதை விட்டுவிட்டு, இரவு எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் திரும்ப முடியுமா என்று மட்டும் பார்த்தேன். அந்தக் கணக்கில் ஆக்ஸ்ஃபோர்டு முந்திவிட்டது. பேடிங்டனிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம். மேரிலபோன் நிலையத்திலிருந்தும் 2016 முதல் நேரடி ரயில் இருக்கிறது. ஒரே நாளில் போய்வர ஆஃப் பீக் ரிட்டர்ன் வாங்கிவிட்டால், ஒரு ரயில் போனாலும் அடுத்தது வரும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: சில மலிவு டிக்கெட்டுகள் இந்த இரண்டில் ஒரு வழிக்கு மட்டுமே செல்லும். டிக்கெட்டில் வழி போட்டிருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

அந்தச் சுதந்திரம் எங்களுக்கு என்ன கொடுத்தது என்று சொல்கிறேன். அம்மா தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஆக்ஸ்ஃபோர்டு என்றால் ஜி.யு.போப். 1886ல் திருக்குறளையும் 1900ல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் கொடுத்தவர், அங்கே தமிழும் தெலுங்கும் கற்பித்தவர். 1908ல் காலமான அவரை வால்டன் தெருவில் உள்ள செயின்ட் செபல்கர்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். எந்த டூர் பஸ்ஸும் அங்கே நிற்காது. நிலையத்திலிருந்து நடந்தே போய்விட்டோம். 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று கல்லில் எழுதியிருப்பதாக நம் ஊரில் சொல்வார்கள் அல்லவா, அப்படி ஒரு வரி அதில் இல்லை. இருப்பது வேறு: அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்த கல் என்ற வாசகம். அம்மாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அங்கே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

அப்புறம் மாலை ஆறு மணிக்கு கிறைஸ்ட் சர்ச் பேராலயத்தில் ஈவன்சாங், பாடகர் குழு பாடும் மாலை வழிபாடு. அதற்குக் கட்டணம் இல்லை. சாப்பிட்டுவிட்டு இரவு 9.05 வரை காத்திருந்தோம். அந்த நேரத்துக்கு 'கிரேட் டாம்' மணி 101 தடவை அடிக்கும், கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் தொடக்க கால மாணவர்கள் 100 பேர், பின்னர் கூடுதலாக ஒருவர் என்ற கணக்கில். அது என்ன 9.05? ஆக்ஸ்ஃபோர்டு கிரீன்விச்சுக்கு மேற்கே இருப்பதால் அங்கே சூரிய நேரம் ஐந்து நிமிடம் பின்தங்கும். ஒவ்வோர் ஊருக்கும் தனி நேரம் இருந்ததை ரயில்கள் வந்துதான் ஒன்றாக்கின. அந்த மணி மட்டும் இன்னும் பழைய நேரப்படி ஒன்பது மணிக்கு அடிக்கிறது. அம்மா எண்ண ஆரம்பித்து நாற்பதில் விட்டுவிட்டார். மணி ஓய்ந்த பிறகு நடந்துபோய் ரயிலேறினோம். திரும்பும் ரயிலை முன்பே குறித்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது.

கேம்பிரிட்ஜுக்கு மறுநாள் போனோம். கிங்ஸ் கிராஸிலிருந்து வேக ரயிலில் ஐம்பது நிமிடம் போலத்தான். லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்துக்கும் ரயில் உண்டு என்பதால் திரும்புவதில் இங்கும் கவலை இல்லை. கணித மேதை ராமானுஜன் 1914ல் வந்து சேர்ந்து, 1918ல் ஃபெல்லோ (கல்லூரியின் உறுப்பினர்) ஆன டிரினிட்டி கல்லூரி இங்கேதான். ஆனால் நிலையம் ஊரின் மையத்திலிருந்து கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. முழங்கால் வலியுள்ளவர்கள் நகரப் பேருந்து பிடிப்பது நல்லது. கணிதம் படித்தவர்கள் வரிசையை மாற்றி, இதை முதலில் வைத்துக்கொள்ளலாம்.

செலவில் ஒரு வழி இருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்தே பயணம் செய்வதானால் 'டூ டுகெதர்' ரயில்கார்டு வாங்கலாம். 2025 மார்ச்சிலிருந்து 35 பவுண்டு. ஓராண்டுக்கு டிக்கெட் விலையில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வார நாளில் காலை 9.30க்கு முன் செல்லாது, எப்படியும் ஆஃப் பீக்கில் போகிறவர்களுக்கு அது குறையில்லை. மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்து போனால் பல வழித்தடங்களில் 'குரூப்சேவ்' சலுகை கிடைக்கும், அதற்குக் கார்டே வேண்டாம். நாங்கள் போனது மே மாதம், இரண்டும் வார நாட்கள். ஞாயிற்றுக்கிழமை போவதாக இருந்தால் முதல் நாளே பாதைப் பராமரிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாதி வழிக்குப் பேருந்தில் ஏற்றிவிடுவார்கள்.