மலைக்காட்டு நெட்டுக்கு ஜிமெயில் ஆஃப்லைன் சரிப்படுமா?

மழைக்காலத்தில் கோத்தகிரி, மஞ்சூர் பக்கம் கரண்ட் போனால் ரௌட்டர் அணைந்துவிடும். லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஓடும். ஹோம்ஸ்டே புக்கிங்குக்குப் பதில் தட்டிக்கொண்டிருப்பவருக்கு நெட் போனதே தெரியாது. பிறகு டிராஃப்டைத் திறந்தால் கடைசி இரண்டு பத்தி இருக்காது.

பிரவுசரில் தட்டுவதை ஜிமெயில் சில விநாடிக்கு ஒருமுறை சர்வருக்கு அனுப்பித்தான் சேமிக்கிறது. எழுதும் பெட்டியின் மேல்பட்டையைக் கவனியுங்கள்: 'நியூ மெசேஜ்' என்றிருப்பது, கை நின்றதும் 'டிராஃப்ட் சேவ்டு' என்று மாறும். அது வராவிட்டால் எழுத்து அந்த டேபில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. அப்போது பக்கத்தை மறுபடி ஏற்றும் எஃப்5 தட்டவே கூடாது. டேபை மூடப் போய் 'லீவ் சைட்?' என்று கேட்டால் 'கேன்சல்' கொடுங்கள். கண்ட்ரோல் ஏ, கண்ட்ரோல் சி அழுத்தி நோட்பேடில் ஒட்டிச் சேமித்துவிட்டால் பாதி கவலை தீர்ந்தது.

இதற்கு ஜிமெயிலே தரும் மருந்து, நெட் இல்லாமலும் மெயில் படிக்க, எழுத விடும் ஆஃப்லைன் வசதி. குரோமில் பல்சக்கரக் குறி, 'சீ ஆல் செட்டிங்ஸ்', 'ஆஃப்லைன்' என்று போய் 'எனேபிள் ஆஃப்லைன் மெயில்' டிக் செய்ய வேண்டும். எத்தனை நாள் மெயிலைக் கணினியில் வைப்பது, 7, 30, 90 நாளா என்று கேட்கும்; மெதுவான நெட்டில் 7 போதும், பெரிதாக வைத்தால் இறங்கவே நேரமாகும். 'கீப் ஆஃப்லைன் டேட்டா'வைத் தேர்ந்து, 'சேவ் சேஞ்சஸ்' அழுத்துங்கள். பிறகு வைஃபையை அணைத்துவிட்டு ஒரு வரி தட்டிச் சோதியுங்கள். நெட் இல்லாதபோது 'செண்ட்' கொடுத்த மெயில் அவுட்பாக்ஸில் காத்திருந்து, நெட் வந்ததும் போகும்.

வேலை செய்கிறது, ஆனால் குறைகள் உண்டு. தானாக ஆன் ஆகாது. ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே வைக்க வேண்டும். தடம் வைக்காத இன்காக்னிட்டோ ஜன்னலில் கிடையாது. குரோமை மூடும்போது தளங்களின் தரவை அழிக்கும்படி வைத்திருந்தால் ஆஃப்லைன் சேமிப்பும் சேர்ந்தே போகும். 'போன வாரம் இருந்ததே' என்ற புலம்பலுக்குப் பாதிக்காரணம் இதுதான். பிரவுசிங் சென்டர் கணினியில் ஆன் செய்யவே வேண்டாம், உங்கள் மெயில் அங்கேயே தங்கிவிடும்.

குப்பைத்தொட்டிக் குறியைத் தவறிப்போய் அழுத்தினால் டிராஃப்ட் 'டிராஷ்' பக்கம் போகாது. கீழே சில விநாடி தெரியும் 'அன்டூ'வை உடனே பிடிக்க வேண்டும். ஒரே டிராஃப்டை போனிலும் லேப்டாப்பிலும் திறந்து வைப்பதும் வம்பு, ஒன்றில் எழுதியதை மற்றது மேலெழுதிவிடலாம். 25 எம்பி வரையிலான இணைப்பு ஏறும் கோடு முடியும்வரை டேபை மூடாதீர்கள்.

செலவு செய்ய மனமிருந்தால் ரௌட்டரைக் கரண்ட் இல்லாதபோதும் ஓட்டும் சிறு பேட்டரிப் பெட்டியான மினி யூபிஎஸ் ஒன்று வாங்கலாம். ரௌட்டர் அடாப்டரில் 12 வோல்ட் என்றிருந்தால் யூபிஎஸ்ஸும் 12, 9 என்றிருந்தால் 9. மாற்றிச் சொருகினால் ரௌட்டர் கெட்டுப்போகலாம். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் மின்சாரம் வேண்டும்.