பேட்டரி டிரில் வாங்கப்போகும் மைத்துனருக்கு: முதலில் சார்ஜரைப் பாருங்கள்

கோத்தகிரியில் இருக்கும் மைத்துனர் கேட்டிருக்கிறார். டிரில், இம்பாக்ட் டிரைவர் (ஸ்குரு முடுக்கும் மெஷின்), இரண்டு பேட்டரி, சார்ஜர் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு விலையைக் குறைத்திருக்கிறார்களாம், வாங்கலாமா என்று. ஒரே வரியில் பதில் அனுப்பியிருப்பேன். ஆனால் அவர் கேட்ட அன்று காலைதான் என் சார்ஜர் மறுபடியும் சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதனால் பதில் நீண்டுவிட்டது.

மெஷின்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். எங்கள் வீடு ஊட்டியில் தலைக்குந்தா பக்கம். ஜூலை மாதக் காற்று கூரைத் தகட்டைத் தூக்கி அடிக்கும். கூடவே கரண்டும் போய்விடும். காற்று ஓய்ந்ததும் ஏணியைப் போட்டு, ஈரத்தில் ஒயர் இழுக்காமல், தகட்டை அழுத்திப் பிடித்து ஸ்குருவை ஏற்றும்போது வருகிற திருப்தி இருக்கிறதே, அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். வேலியில் சாய்ந்த சைப்ரஸ் கிளையை அறுக்கிற சிறிய ரம்ப மெஷினும் அதே பேட்டரியில்தான் ஓடுகிறது. பழைய கருங்கல் சுவர் மட்டும் அதற்குச் சரிப்படாது. அங்கே ஒயர் உள்ள ஹாமர் டிரில்லை இரவல் வாங்குகிறேன்.

வாங்குவதைப் பற்றி ஒன்றிரண்டு விஷயங்கள். கடையில் மெஷினைத்தான் சுழற்றிக் காட்டுவார்கள். நீங்கள் பேட்டரியைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடுத்த பத்து வருடத்துக்கு நீங்கள் எந்தக் கம்பெனிக்குக் கட்டுப்பட்டவர் என்பதை அது மெஷினில் சொருகும் பள்ளம்தான் தீர்மானிக்கிறது. மக்கிட்டா கம்பெனி 2005இல் கொண்டுவந்த 18 வோல்ட் லித்தியம் வரிசைக்கு இன்றும் புது மெஷின் வருகிறது. போஷில் நீல நிற மெஷினின் 18 வோல்ட் பேட்டரி பச்சை நிற மெஷினில் ஏறாது. பெயர் ஒன்றே என்று நம்பி வாங்கிவிடக் கூடாது.

18, 20, 21 வோல்ட் என்று மூன்று விதமாக எழுதியிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். உள்ளே வரிசையாக இருப்பது ஐந்து செல்கள்தான். ஒவ்வொன்றும் சராசரியாக 3.6 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2. ஐந்தால் பெருக்கினால் 18, 21. நடுவில் இருக்கும் 20 என்பது பெட்டிமேல் அழகுக்கு. அதே அளவு பேட்டரியில் 48, 88 என்றெல்லாம் அச்சடித்து விற்கிறார்களே, அந்தக் கடையில் தேநீர் கொடுத்தாலும் உட்காராதீர்கள். பேட்டரியின் கொள்ளளவை ஆம்பியர்-மணியில் எழுதியிருப்பார்கள். வீட்டுக்கு 2 ஆம்பியர்-மணி இரண்டும் 4 ஆம்பியர்-மணி ஒன்றும் போதும். தலைக்கு மேல் கையைத் தூக்கி வேலை செய்யும்போது சின்னதன் அருமை தெரியும்.

இப்போது சார்ஜர்.

டிசம்பர், ஜனவரியில் எங்கள் பக்கம் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். மெஷின்கள் இருப்பது வெளியே தகரக் கொட்டகையில். காலையில் வேலைக்கு முன்னால் பேட்டரியைச் சொருகினால் பச்சை வராது; சிவப்பு சிமிட்டும். வெயில் ஏறிய பிறகு தானாகவே ஏற ஆரம்பிக்கும். காரணம் நியாயமானதுதான். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் செல்லுக்குள் இருக்கும் கிராஃபைட் தகட்டின் உள்ளே போய்ச் சேராமல் அதன் மேல் உலோகமாகவே படிந்துவிடும். பேட்டரியின் கொள்ளளவு திரும்பாத அளவுக்குக் குறையும், உள்ளேயே ஷார்ட் ஆகும் ஆபத்தும் உண்டு. ஆகவே பேட்டரிக்குள் வெப்பத்தை அளக்கும் ஒரு சிறு உறுப்பு இருக்கிறது. சில சார்ஜர்கள் 0 டிகிரியில் மறுக்கும், சில 5 டிகிரியிலேயே மறுக்கும். ஆனால் மெஷின் அந்தக் குளிரிலும் ஓடும், கொஞ்சம் சீக்கிரம் களைத்துவிடும், அவ்வளவுதான்.

மறுப்பதில் எனக்குக் கோபம் இல்லை. மறுக்கிற விதத்தில்தான் கோபம். குளிருக்கும் சிவப்பு, பேட்டரி செத்துப்போனாலும் சிவப்பு. ஒன்று மெதுவாகச் சிமிட்டும், மற்றொன்று வேகமாக. விறைத்த விரல்களோடு நிற்பவன் இதை எண்ணிக்கொண்டிருக்க வேண்டுமாம். கையேட்டில் கடுகளவு தெர்மாமீட்டர் படம் ஒன்று போட்டிருக்கிறார்கள். ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. பேட்டரி போய்விட்டது என்று கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டருக்கு பஸ்ஸில் எடுத்துப் போனேன். அங்கிருந்த தம்பி சார்ஜரில் சொருகினார். பளிச்சென்று பச்சை. "நன்றாகத்தானே இருக்கிறது சார்" என்று சொல்லி, என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோயம்புத்தூர் வெயிலில் எது ஏறாது? எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே விஷயம் முடிந்திருக்கும். மேலே வந்த மறுநாள் காலையில் மறுபடியும் சிவப்பு.

இப்போது பேட்டரிகள் சமையலறை அலமாரியில் குடியிருக்கின்றன. "மிளகாய்த்தூள் டப்பா இருக்கிற இடத்தில் இது எதற்கு?" என்று உங்கள் அக்கா தினமும் கேட்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் கணப்புக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். அதைமட்டும் யாரும் செய்துவிடாதீர்கள். அறையின் சூட்டிலேயே ஒன்றிரண்டு மணி நேரம் இருந்தால் போதும். மழைக்காலம் முழுக்க எடுக்கப்போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில் வையுங்கள். காலியாகப் போட்டுவைத்த பேட்டரியைப் பிறகு சார்ஜர் ஏறெடுத்தும் பார்க்காது.

ஆக மச்சான், வாங்க வேண்டாம். கோத்தகிரியில் எங்கள் பக்கம் மாதிரி பனி உறையாது என்று எனக்கும் தெரியும், இருந்தாலும் வேண்டாம். திரைச்சீலைக் கம்பிக்கு நாலு துளை போட ஒரு ஒயர் உள்ள டிரில் போதும். அது காலை ஏழு மணிக்கு வெப்பநிலை கேட்காது. அந்தக் கடையில் 4 ஆம்பியர்-மணி பேட்டரியைத் தனியாகக் குறைந்த விலைக்குத் தருகிறார்களா என்று மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள். எனக்கு இன்னொன்று வேண்டும்.