நேட்டால், மொரீஷியஸ், ஃபிஜி: கூலிக்கப்பல் ஏறிய முன்னோரை எந்தப் பதிவில் தேடுவது?

தென்னிந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறியவர்களைப் பெயர்வாரியாகத் தேட உருப்படியான தொகுப்பு என்றால் மூன்றைச் சொல்லலாம்: நேட்டாலின் (இன்றைய தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரைப் பகுதி) கப்பல் பட்டியல், மொரீஷியஸின் குடியேற்றப் பேரேடுகள், ஃபிஜியின் கிர்மிட் பாஸ் (ஒப்பந்தக் கூலி ஒவ்வொருவருக்கும் எழுதிய பயணச் சீட்டு).

முன்னோர் இறங்கிய நாடு தெரிந்தால் ஒப்பிட வேண்டிய வேலையே இல்லையே என்று தோன்றும். பல குடும்பங்களுக்கு அது தெரியாது. ஊரில் தங்கிவிட்ட பங்காளிகளிடம் "கப்பலேறிப் போயிட்டார்" என்ற ஒற்றை வரிதான் மிஞ்சியிருக்கும். முதலில் மொரீஷியஸில் இறங்கி, பிறகு நேட்டாலுக்குப் போனவர்களும் உண்டு. நாடு தெரியாதவர்கள் நேட்டாலில் தொடங்குவது நல்லது. அங்கே போனவர் என்பதற்காக அல்ல. காசும் அனுமதியும் இல்லாமல் தேடிப் பார்க்க வசதியானது அதுதான்.

நேட்டாலுக்கு முதல் கப்பல் ட்ரூரோ. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பி நவம்பர் 16 அன்று டர்பனில் இறங்கியது. 1911 வரை வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல், அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக. ஒவ்வொருவருக்கும் தொடர்ச்சியாக ஒரு காலனி எண். அந்த வரியில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், கப்பல், வேலைக்கு எடுத்த முதலாளி ஆகியவை இருக்கும். குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் இந்தப் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது.

இங்கே முதல் அடி சறுக்குவது குடும்பப் பெயரில். கவுண்டர், நாயுடு, பிள்ளை, படையாச்சி என்று இன்றைய பெயரைப் போட்டுத் தேடினால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது, அல்லது சம்பந்தமில்லாத நூறு பேர் கிடைப்பார்கள். கப்பலேறியவருக்கு இருந்தது ஒற்றைப் பெயரும் தகப்பன் பெயரும்தான். அதையும் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார். முனுசாமி 'மூன்சாமி' ஆவார், ஆறுமுகம் 'ஆர்மூகம்', குப்புசாமி 'கூப்பூசாமி'. சின்னம்மாள் ஆங்கில 'எஸ்'ஸில் இருப்பாளா 'சி'யில் இருப்பாளா என்பது அன்றைய குமாஸ்தாவின் கையைப் பொறுத்தது. ஆங்கில ஒலிப்பொற்றுமைத் தேடல் இங்கே கைகொடுக்காது. முதல் எழுத்தே மாறிவிடுவதால் அது வேறு அடுக்கில் போய்த் தேடும். ககரத்துக்குக் கே, சி, ஜி மூன்றும், வகரத்துக்கு வி, டபிள்யூ இரண்டும், பகரத்துக்கு P, B இரண்டும் என்று கையால் மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் வழி.

அதைவிட முக்கியம், அட்டவணையை அகர வரிசையில் விட்டுவிடாமல் காலனி எண் வரிசைக்கு மாற்றுவது. ஒரு குடும்பம் சேர்ந்து ஏறியிருந்தால் எண்கள் அடுத்தடுத்து வரும். ஒரு முனுசாமிக்கு அடுத்த வரியில் 22 வயதுப் பெண், அதற்கடுத்து 3 வயதுக் குழந்தை, தகப்பன் பெயர் முனுசாமி, மூவருக்கும் ஒரே கிராமம் என்றிருந்தால், தேடிய ஆள் இவரா என்று வீட்டுக் கதையோடு ஒத்துப்பார்க்க ஒரு பிடி கிடைத்துவிட்டது. அகர வரிசையில் இந்த மூவரும் மூன்று மூலையில் கிடப்பார்கள். முன்னும் பின்னும் பத்து வரி படிக்காமல் எந்தப் பதிவையும் 'இவர்தான்' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வயது குமாஸ்தாவின் கண்ணளவு. ஐந்து வருஷம் முன்பின் விட்டுக்கொடுங்கள்.

சாதிக் கட்டத்தில் 'மலபார்' என்றிருந்தால் கேரளத்துக்கு ஓடிவிட வேண்டாம். தமிழருக்கு ஐரோப்பியர் வைத்த பழைய பெயர் அது. 'ஜெண்டு' என்றால் தெலுங்கர்.

காலத்தையும் சரிபாருங்கள். 1866 முதல் 1874 வரை நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது நின்றிருந்தது. தாத்தாவின் அப்பா 1870இல் டர்பனில் இறங்கியதாக வீட்டில் கதை இருந்தால், வருஷம் தவறு, அல்லது அவர் ஒப்பந்தக் கூலி அல்ல. சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துப் போன வணிகர் முதலானோர் இந்தப் பட்டியலில் வரவே மாட்டார்கள். அவர்களை 1897க்குப் பிந்திய குடிவரவுக் கட்டுப்பாட்டு அலுவலகக் கோப்புகளில் தேட வேண்டும்.

மொரீஷியஸ் கணக்கில் பெரியது. 1834 முதல் 1910 வரை ஏறத்தாழ நாலரை லட்சம் பேர். பேரேடுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. நேட்டால் மாதிரி வீட்டிலிருந்தே புரட்டிப் பார்க்கிற வசதியை எதிர்பார்க்காதீர்கள். வாரிசு என்று காட்ட, உங்கள் பிறப்புச் சான்றிதழில் தொடங்கி அப்பா, தாத்தா என்று கப்பலேறியவர் வரை பிறப்பு, திருமணச் சான்றிதழ்களைச் சங்கிலியாகக் கோத்து எடுத்துப் போக வேண்டும். பழைய சான்றிதழில் பெயருக்குப் பக்கத்தில் குடியேறியவரின் எண் எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்தது. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் தேடல் அங்கேயே நிற்கும். பெரும்பாலும் அறுவது, பதிவு செய்யாமல் சமய முறைப்படி மட்டும் நடந்த கல்யாணத்தில்.

பெயர்ச் சிக்கல் இங்கே வேறு மாதிரி. நேட்டாலில் பட்டமும் சாதிப் பெயரும் குடும்பப் பெயரானது போல அல்லாமல், இங்கே கப்பலேறியவரின் சொந்தப் பெயரோ அவர் தகப்பன் பெயரோ அப்படியே குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. அதனால் இன்றைய குடும்பப் பெயரே நல்ல துப்பு. எழுத்துக்கூட்டல் மட்டும் பல பெயர்களில் பிரெஞ்சு வழியில் போகும்: உகரம் வருகிற இடத்தில் ஓ-வும் யூ-வும் சேர்ந்து நிற்கும்.

மொரீஷியஸை மற்ற இரண்டும் தொட முடியாத இடம் ஒன்றுண்டு: முகம். 1860களிலிருந்து குடியேறியவர்களை ஒளிப்படம் எடுத்தார்கள். 1867ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தம் முடிந்தவர்களும் படம் ஒட்டிய சீட்டு வைத்திருக்க வேண்டும் என்றது. ஆளைக் கண்காணிக்கப் பண்ணிய ஏற்பாடுதான். இன்றைக்குக் கொள்ளுப்பாட்டனின் முகத்தைப் பார்க்க அதுதான் வழி. எல்லாருடைய படமும் மிஞ்சவில்லை. 1834 தொட்டு வந்த முதல் தலைமுறைக்கு அந்த நம்பிக்கையும் குறைவு.

ஃபிஜியில் ஆள் குறைவு, காகிதம் கனம். 1879இல் லியோனிடாஸ் கல்கத்தாவிலிருந்து வந்தது. சென்னையிலிருந்து ஆள் ஏற்றியது 1903இல்தான் தொடங்கி 1916இல் முடிந்தது. மொத்தம் அறுபதாயிரத்துச் சொச்சத்தில் தெற்கத்தியர் ஏறத்தாழ 15,000. அந்தப் பதிமூன்று வருஷத்துக்கு வெளியே தேடிப் பொழுதை வீணாக்க வேண்டாம். இங்கே ஆளுக்கு ஒரு தாள். ஊர் விவரத்தோடு அங்க அடையாளம், நெருங்கிய உறவினர் பெயர், கல்யாணமானவரென்றால் யாரோடு என்பதும் அதில் வரும். ஊரில் விட்டுப்போன தம்பியின் பெயர் அந்த உறவினர் கட்டத்தில் கிடைத்தால், அதைவிட உறுதியான இணைப்பு வேறில்லை. நேட்டால் அட்டவணையின் ஒற்றை வரி இதற்கு ஈடாகாது.

ஆனால் பாஸ்கள் எண் வரிசையிலும் கப்பல் வரிசையிலும் அடுக்கப்பட்டவை. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நுண்படச் சுருளை ஓட்டினால் கண்தான் போகும். முதலில் கல்யாண, மரணப் பதிவுகளிலும் குடியேறியோர் பொதுப் பேரேட்டிலும் எண்ணையும் கப்பல் பெயரையும் பிடித்துக்கொண்டு, பிறகு சுவாவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பாஸைக் கேட்பதே சரியான வரிசை.

மலாயா பற்றியும் கேட்பார்கள். நாகப்பட்டினம் வழியாகக் கங்காணியோடு (தோட்டத்துக்கு ஆள் திரட்டிக் கூட்டிப்போகும் மேற்பார்வையாளர்) போனவர்களுக்கு நேட்டால் போல ஆளுக்கொரு எண் போட்ட ஒரே பட்டியல் இல்லை. எஸ்டேட் பதிவு, கோயில் நன்கொடைப் பட்டியல், கல்லறை என்று எதிர்ப்பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் பெயர்ப் பட்டியலை நம்பிப் போகாதீர்கள். அங்கே வலு அரசாணைகளிலும் ஆண்டறிக்கைகளிலும்தான்.

எந்தத் தொகுப்பில் கிடைத்தாலும் கடைசியில் கையில் இருப்பது ஜில்லா, தாலுகா, கிராமம். இதை இன்றைய வரைபடத்தில் வைத்துப் பார்த்து ஏமாறுபவர்கள் நிறைய. 'வட ஆற்காடு' என்றிருந்தால் ஊர் இன்று ஆந்திரத்தில் இருக்கலாம். சித்தூர் 1911இல்தான் தனி ஜில்லா ஆனது. 'சேலம்' என்றால் தர்மபுரி, கிருஷ்ணகிரியும் அதில் அடக்கம். திருப்பத்தூர்கூட அப்போது சேலத்தில் இருந்தது. நல்லூர், புதூர், பாளையம் என்று மட்டும் இருந்தால் தாலுகா இல்லாமல் ஊரைக் கண்டுபிடிக்க முடியாது. அப்போது அடுத்தடுத்த எண்ணில் வந்தவர்களின் கிராமங்களைப் பாருங்கள்: ஆள்பிடித்த மேஸ்திரி பக்கத்துப் பக்கத்து ஊர்களில்தான் திரட்டியிருப்பார். அந்த நாலைந்து ஊருக்கு நடுவே எந்த நல்லூர் விழுகிறதோ, அங்கே முதலில் போய் விசாரியுங்கள்.