ரேடியோபிளேன் ஓ.க்யூ-2ஏ இலக்கு விமானம்: பழகத் தேறுமா?

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விமான எதிர்ப்புப் படையினர் சுட்டுப் பழகிய, தரையிலிருந்து ரேடியோ மூலம் இயக்கும் ஆளில்லா விமானம் இது. நீளம் 2.65 மீட்டர், இறக்கை 3.73 மீட்டர், எடை 47 கிலோ. இரண்டு பேர் தூக்கிவிடலாம். உச்ச வேகம் மணிக்கு 137 கி.மீ.

6 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஒன்றே இரண்டு புரொப்பெல்லர்களை எதிரெதிராகச் சுழற்றும். ஒற்றை புரொப்பெல்லரின் முறுக்கு விசை விமானத்தை ஒரு பக்கம் சாய்க்கும். ஏலரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடல்) இல்லாத இதில் அதைச் சமாளிப்பது கடினம். ஆனால் கூடுதல் கியர் என்றால் கூடுதல் எடை, கூடுதல் பராமரிப்பு. அடுத்து வந்த ஓ.க்யூ-3 ஒற்றை புரொப்பெல்லருக்கே திரும்பியது, சரியான முடிவு.

கேட்டபல்ட்டில்தான் (கவண்போல உந்தி எறியும் கருவி) ஏவ வேண்டும். சக்கரங்கள் ஓடுபாதைக்கு அல்ல, பாராசூட்டில் இறங்கும்போது அடியைத் தாங்க. தரை தொட்டதும் பாராசூட்டைச் சுருட்டாவிட்டால் காற்று இறக்கையை இழுத்துக் கிழித்துவிடும்.

ரட்டரால் (வாலில் உள்ள திசை திருப்பும் மடல்) திருப்பும்போது மூக்கு முதலில் திரும்பும், சாய்வு தாமதமாகத்தான் வரும். போதுமான சாய்வு வரட்டும் என்று கட்டுப்பாட்டுக் குச்சியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டே இருந்தால் விமானம் சுருளாக உயரம் இழக்கும். முன்கூட்டியே விட்டுவிட வேண்டும். தூரத்தில் வருகிறதா போகிறதா என்று புரியாவிட்டால், ரட்டரை ஒரு நொடி தட்டி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள்.

பெரிய குறை வேறு. 300 மீட்டரில் இது பறந்தால், 900 மீட்டரில் 410 கி.மீ. வேகத்தில் போகும் போர் விமானம் போலவே தெரியும். துப்பாக்கியைத் திருப்பும் வேகமும் அதேதான். கண்ணுக்கும் கைக்கும் அருமையான பயிற்சி. ஆனால் எவ்வளவு முன்னால் குறிவைக்க வேண்டும் என்பதைத் தூரம் பெரிதாகத் தீர்மானிப்பதில்லை. குண்டின் வேகத்தோடு ஒப்பிட்டால் இலக்கு எவ்வளவு வேகம் என்பதே தீர்மானிக்கிறது. குண்டு நொடிக்கு சராசரியாக 800 மீட்டர் போனால், குறுக்கே பறக்கும் இதற்கு 2.7 டிகிரி முன்னால் சுட்டால் போதும். அசல் விமானத்துக்கு 8 டிகிரி வேண்டும். இதில் மட்டும் பழகியவர் சுடும் குண்டெல்லாம் எதிரி விமானத்தின் வாலுக்குப் பின்னால்தான் போகும்.

22 குதிரைத்திறன் எஞ்சினோடு 225 கி.மீ. எட்டிய ஓ.க்யூ-14 இதைவிடத் தேவலை. அதிலும் 4.5 டிகிரிதான்.