நிறுத்தப்பட்ட மிட்டாய்க்குப் புதுத் தேதி: இராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் வாங்குவோர் கவனத்துக்கு

‘கம்பெனியே நிறுத்திவிட்டது, இதுதான் கடைசிச் சரக்கு’ என்று சொல்லி வெளிநாட்டுச் சாக்லேட்டை யாராவது கூடுதல் விலைக்கு நீட்டினால், பணத்தை எடுக்கும் முன் உறையைத் திருப்பிப் பாருங்கள். தேதி இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை ஸ்டிக்கர் இருந்தால் வாங்காதீர்கள். எங்கள் கடற்கரையோரம் வெளிநாட்டுச் சாமான் விற்கும் ஒரு கடையில் நான் ஒரு பெட்டி கேரமேக் வாங்கி ஏமாற்றப்பட்டேன். அதே பெட்டிகள் இன்னும் அங்கே அடுக்கியிருக்கின்றன. அதனால்தான் எழுதுகிறேன்.

கேரமேக் இங்கிலாந்தில் 1959இல் மெக்கின்டாஷ் நிறுவனம் கொண்டுவந்தது. பிற்பாடு நெஸ்லேயின் கைக்குப் போனது. சிவப்பும் மஞ்சளுமான உறை, உள்ளே வெளிர்பழுப்பில் மெல்லிய பட்டை. அதில் கோகோத் துகள் கிடையாது. சர்க்கரை, கெட்டிப்படுத்திய இனிப்புப் பால், தாவரக் கொழுப்பு இவைதான் முக்கியமானவை. ஆனாலும் எங்கள் வீட்டில் அதற்குச் சாக்லேட் என்றுதான் பெயர். வாப்பா கப்பலில் வேலை பார்த்தவர். ஊர் திரும்பும்போது அவர் பெட்டியில் சோப்பு, சென்ட் பாட்டில்களுக்கு நடுவே கேரமேக் இருக்கும். லாத்தாவுக்கு, அதாவது என் அக்காவுக்கு, அதன்மேல் உயிர். விற்பனை சரிந்ததால் 2023 நவம்பரில் அதை நிறுத்துவதாக நெஸ்லே அறிவித்தபோது, ஷார்ஜாவிலிருந்து என்னை அழைத்து அரைமணி நேரம் வாப்பாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். 2024இல் சிறிது காலம் மட்டும் மீண்டும் விற்பனைக்கு வந்தது. அது எங்கள் கைக்கு எட்டவில்லை.

சென்ற பெருநாளுக்கு லாத்தா பிள்ளைகளோடு ஊருக்கு வருகிறாள் என்றதும் தேடத் தொடங்கினேன். அந்தக் கடைக்காரர், “காக்கா, பெட்டி பிரிக்காத சரக்கு இருக்கிறது. லண்டனிலிருந்து ஆள் கொண்டுவந்தது. 2027 வரை தேதி இருக்கிறது” என்றார். முப்பது கிராம் பட்டை ஒன்றுக்கு 450 ரூபாய். அங்கே ஒரு பவுண்டுக்கும் குறைவாக விற்ற பொருள் இது. முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். பெருநாளுக்கு முந்தைய இரவு பெட்டியை வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

உறையைப் பிரித்ததுமே காறல் வாடை. பட்டையின் மேல் சாம்பல் பூத்திருந்தது. ஓரங்கள் உருகி மறுபடி இறுகியதில் வடிவமே இல்லை. நம் கடற்கரை வெயிலில், தகரக் கூரைக்கு அடியில் மாதக்கணக்கில் கிடந்தால் எந்தக் கொழுப்பும் கெட்டுத்தான் போகும். லாத்தா ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டுத் துப்பினாள். பிள்ளைகள் கையிலிருந்ததை உடனே பிடுங்கிவிட்டோம். ஸ்டிக்கரின் ஓரம் உப்புக் காற்றில் எழும்பியிருந்தது. உரித்தேன். அடியில் இங்கிலாந்தில் அச்சிட்ட தேதி அப்படியே இருந்தது: 2024 மே. ஒன்றல்ல, பெட்டியில் இருந்த எல்லாப் பட்டைகளிலும் அதே கதை.

எனக்கு ஆத்திரம் வந்தது தேதிக்காக மட்டும் அல்ல. அந்த ஸ்டிக்கர் உட்பொருள் பட்டியலையும் பாதி மறைத்திருந்தது. பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளை ஒன்று வீட்டில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஹலால் பார்த்து வாங்குகிற குடும்பங்கள் எதைப் படித்துத் தெரிந்துகொள்வது? இறக்குமதி உணவில் ஸ்டிக்கர் ஒட்டுவது தவறல்ல, சட்டமே அதைக் கேட்கிறது. ஆனால் அதில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், சைவ அசைவக் குறி எல்லாம் இருக்க வேண்டும். என் பெட்டியில் ஒட்டியிருந்ததில் ஒரு தேதியும் விலையும் தவிர வேறு ஒன்றுமே இல்லை. மூல உறையில் உள்ள தேதியை மறைத்து வேறு தேதி ஒட்டுவது அப்பட்டமான மோசடி.

நிறுத்தப்பட்ட பொருளில் கணக்குப் பார்ப்பது எளிது. எப்போது நிறுத்தினார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். இத்தகைய பட்டைகளின் ஆயுள் பெரும்பாலும் ஓராண்டை ஒட்டியதுதான். 2024இல் வந்த கடைசிச் சரக்கே ஆனாலும், அதில் 2027 என்று தேதி போட வழியே இல்லை.

கடைக்குப் போய்க் கேட்டேன். “பழைய சாக்லேட் பழசாகத்தான் இருக்கும், தெரிந்துதானே வாங்கினீர்கள்” என்றார் கடைக்காரர். 2027 என்று அவரே வாயால் சொன்னதை நினைவூட்டியதும், பாதிப் பணம் தருகிறேன், பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். கொடுக்கவில்லை. கொடுத்தால் அது அடுத்த வீட்டுப் பிள்ளையின் கைக்குத்தான் போகும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

பெட்டி, ரசீது, பணம் அனுப்பிய விவரம், உரித்த ஸ்டிக்கர்கள் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. நீங்களும் அண்மையில் இப்படி வாங்கியிருந்தால் பட்டையைத் தின்னாதீர்கள், உறையைக் குப்பையில் போடாதீர்கள். ஸ்டிக்கரை ஒட்டியபடியே ஒரு படம், உரித்த பின் ஒரு படம் எடுத்து, 1915இல் உங்கள் பெயரிலும் ஒரு புகார் கொடுங்கள். ரசீது தர மறுத்தால் அதையும் அந்தப் புகாரிலேயே எழுதுங்கள்.